பொருட்கணக்கும் வீட்டுக்கணக்கும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் "இளைஞர் முன்னேற்றம்" என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். முன்னேற்றத்தைப்பற்றிப் பேச என்னினும் தக்கார் இவ்வவையிற் பலருளர். ஆதலின், முன்னேறிச் செல்வோர் பின்னே விட்டுச்செல்வது யாது என்பதைப்பற்றிச் சில சொல்ல அனுமதி வேண்டினேன். அவர்களும் அன்புடன் இசைந்தார்கள். யான் கற்றறிந்த புலவனல்லேன்; முப்பத்தைந்து ஆண்டு பாங்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கன் பேச்சுக் கணக்காகவே இருக்கும். பொறுத்தருள்க.

பொருளை இகழ்ந்து பேச யான் வரவில்லை. பொருளில்லார்க்கு வீட்டிலும் மதிப்பில்லை, வெளியிலும் மதிப்பில்லை என்பதை நாமெல்லாம் அறிவோம். திருவள்ளுவரும் பொருள் ஈட்டுதலின் இன்றியமையாமையைப் "பொருள் செயல்வகை" என்ற 76-ஆம் அதிகாரத்தில் வற்புறுத்தியுள்ளார். ஆனால் அவரே, 116-ஆம் அதிகாரத்திற்குப் "பிரிவாற்றாமை" என்று பெயரிட்டு, பிரிந்து சென்றவனை நினைந்து வீட்டிலிருந்து வருந்துவாள் நெஞ்சினையும் நமக்குக் காட்டியுள்ளார். பொருள் தேடுக என்று சொன்ன அதே பெரியார், தேடச் சென்றவனால் வருந்தியவளையும் மறந்தாரில்லை. அவர் நூலில் இரண்டிற்கும் இடமுண்டு. நம் வாழ்க்கையில் இரண்டிற்கும் இடமுண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வி தமிழர்க்குப் புதிதன்று. பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையே நம் முன்னோர் வகுத்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலையை எடுத்துக்கொள்வோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தான் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை அதில் விரித்துரைக்கின்றார். கடல் வழி வந்த குதிரைகள், மூட்டை மூட்டையாக மிளகு, மலைப்பொன், ஈழத்துணவு என்று துறைமுகத்தில் குவிந்த பண்டங்களை அவர் அடுக்கும்பொழுது, வாணிகக் குலத்திற் பிறந்த நமக்கு நாவில் நீரூறும். ஆயின், 301 அடிகொண்ட அப்பாட்டின் கருத்தென்ன? அத்துணைச் செல்வமுடைய பட்டினத்தையே எனக்குத் தருவதாயினும் யான் என் மனைவியைப் பிரிந்து வாரேன் என்று ஒருவன் தன் நெஞ்சிற்குச் சொல்லுவதே அதன் கருத்து. விலையை முழுவதும் எண்ணிப் பார்த்து, அதன் பிறகு வேண்டா என்றானே, அவனைக் கையாலாகாதவன் என்று எவரும் சொல்லவொண்ணாது. எண்ணிப் பார்த்தான் என்பதே யாம் கவனிக்கத்தக்கது.

நம் முன்னோர் கதைக்கு வருவோம். நம் நாடு வானம் பார்த்த பூமி. ஏரி நிறைந்தால் நெல், நிறையாவிடிற் கடன். ஆதலால் நகரத்தார் கடல் கடந்தனர். இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று பல ஊர்களுக்குச் சென்றாலும், அவர்கள் பெரும்பணம் முடங்கியது பர்மாவிலேயே. 1852-ஆம் ஆண்டில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி முகத்துவாரத்து நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு வெட்டிக் கழனியாக்கப் பணம் வேண்டியிருந்தது. அப்பணத்தை நம்மவர் கொடுத்தனர். 1929-30-இல் பர்மா அரசாங்கத்தார் நியமித்த பாங்கு விசாரணைக் கமிட்டியார், அந்நாட்டில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தனவாக எழுதியுள்ளனர். ரெங்கோன் நகரத்து மொகல் தெருவில் மட்டுமன்று, உள்நாட்டுச் சிற்றூர்களிலும் நம் பெட்டியடிகள் இருந்தன.

அக்கடைகளில் இருந்தவர் யார்? முதலாளி பெரும்பாலும் ஊரிலிருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவர்க்குக் கீழ் அடுத்தாள். அவர்க்குங் கீழே, மீசை முளையாத பெட்டியடிப் பையன். மேலாளுக்குச் சம்பளமும் இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. தவணை மூன்று ஆண்டு. மூன்று ஆண்டும் மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர். கப்பலேற்றி அழைத்துச்செல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தவணை முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்புவித்து, ஊர் திரும்பிச் சிலகாலம் தங்கி, மீண்டும் செல்வது முறை.

என் ஐயா அவர்கள் இவ்வாறே ஒரு கடைக்கு மேலாளாக இருந்தவர். 1925-ஆம் ஆண்டில் அவர்கள் முதன்முறை கப்பலேறியபொழுது என் அப்பச்சி வயிற்றுப் பிள்ளை. 1928-இல் ஐயா திரும்பிவந்து முகப்பில் நின்றபொழுது, மூன்று வயதுக் குழந்தை, "வட்டி கட்ட ஆள் வந்திருக்கிறது, ஆத்தா" என்று உள்ளே ஓடிற்றாம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஐயா அவர்களும் சிரித்தார்களாம். அன்றிரவு அவர்கள் சாப்பிடவில்லை என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் பிறகும் இரண்டு தவணை சென்றார்கள். பதினைந்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு அக்கரையிலே கழிந்தது.

யான் கல்லூரியில் வாசித்த காலத்தில், இரண்டாங்கட்டிலிருந்த ஒரு தகரப்பெட்டியைத் திறந்து ஐயாவின் கடிதங்களைப் பார்த்தேன். தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன்கீழ்ச் சிவமயம். பின்னர் இரண்டு பக்கம் முழுவதும் காரியம். இன்னாரிடம் வரவேண்டிய வட்டி, வளவிற்கு அனுப்பியுள்ள தேக்குத் தூண், சுண்ணாம்பு அரைக்கிறவர்களுக்குக் கூலி, பங்காளி வீட்டுக் கல்யாணத்திற்குச் செய்யவேண்டிய முறை என்று நிரைநிரையாக இருக்கும். கடைசியில் ஒரே வரி: "பையனை வெயிலில் விடவேண்டாம்." எல்லாக் கடிதத்திலும் ஏறக்குறைய அவ்வளவே.

வாலிபப் பருவத்துச் செருக்கினால், "அப்பத்தா, ஐயாவுக்கு உங்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அப்பத்தா சிறிதும் கோபிக்கவில்லை. "அப்பச்சி, எனக்கு எழுத்துத் தெரியாது. வாத்தியாரைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லவேண்டும். பத்துப் பேர் கேட்பார்கள். அதில் என்ன எழுதமுடியும்? அந்தக் கடைசி வரி எனக்கு என்று தெரியும். அதற்காக இரண்டு பக்க வட்டிக் கணக்கையும் உட்கார்ந்து கேட்பேன்" என்றார்கள்.

அன்பர்களே! ஒன்பது ஆண்டு இல்லறம் ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியில் நடந்தது. இக்காலத்திற் சிலர் நம் பாட்டன்மாரைப் பணமே கண்ணாயிருந்தவர் என்பர். அஃது அறியாமை. அவர்கட்கு அன்பு இருந்தது. அதனை வைக்க இடந்தான் ஒரு வரியளவே இருந்தது.

இனி, அப்பொருள் என்னவாயிற்று என்பதையும் பார்ப்போம். 1930-ஐ அடுத்து நெல்விலை வீழ்ந்தது. கடன் கொடுத்த பணம் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலம் வந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நம்மவர் கையிலிருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று. நிலமிழந்த பர்மியக் குடியானவர்க்கும் மனைவி மக்கள் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் நம்மை வெறுத்ததில் வியப்பில்லை. 1941 டிசம்பரில் ரெங்கோன்மீது குண்டு விழுந்தது; 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. நடந்தும் கப்பலேறியும் நம் மக்கள் ஓடிவந்தனர். வழியில் மாண்டவர் எண்ணற்றவர். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்று, அவ்வாண்டே நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று. 1962-க்குப் பின் வந்த இராணுவ ஆட்சியில் எஞ்சிய கடைகளும் போயின.

முதல் போயிற்று, வட்டி போயிற்று, ஈடு போயிற்று. ஆனால் அவற்றிற்காகச் செலவழித்த ஆண்டுகள்? அவையும் திரும்பவில்லை. பொருளை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம். 1925-க்கும் 1928-க்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டினை, என் அப்பச்சி தவழ்ந்து, நடந்து, முதற்சொல் பேசிய அம்மூன்று ஆண்டினை, எந்த நீதிமன்றத்தில் வழக்காடி என் ஐயா மீட்கமுடியும்?

எனினும் எல்லாம் வீண் என்று யான் முடிவு கூறேன். அவ்வாறு கூறின் நன்றி கொன்றவனாவேன். அக்கரைப் பொருளும் வாணிகத் திறனும் இல்லாவிடில், 1929-இல் சிதம்பரத்தையடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1947-இல் காரைக்குடியில் அழகப்பர் கல்லூரியும் தோன்றியிரா. நம் பிள்ளைகளும், நம்மவரல்லாதார் பிள்ளைகள் பல்லாயிரவரும் படித்திரார். பிரிந்து சென்றவர்கள் பொருளை வீட்டிற்கு மட்டும் தேடினாரல்லர்.

யான் சொல்லவந்தது வேறு. நம் முன்னோர் வழக்கத்தில் ஒரு நுட்பம் இருந்தது. அதனை நாம் கைவிட்டோம். அதுதான் தவணை. மூன்று ஆண்டென்றால் மூன்று ஆண்டு. புறப்படும் நாளிலேயே திரும்பும் காலமும் தெரியும். வீட்டிலிருப்பவள் சுவரில் கோடு கிழித்து எண்ணிக்கொண்டிருப்பாள். கோடுகளுக்கு ஒரு முடிவு உண்டு. திரும்பிவந்தவர் முழுவதும் வந்தார். கடைச் சாவியை மற்றொருவரிடம் கொடுத்துவிட்டே வந்தார். ஊரிலிருந்த மாதங்களில் அவர் கோயிற்காரியம் பார்த்தார், பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தார், பகலில் பட்டாலையிற் படுத்து உறங்கினார். ரெங்கோனிலிருந்து எவரும் இரவு பத்து மணிக்கு அவரை அழைக்கவில்லை, அழைக்க வழியுமில்லை.

இன்று நம் நிலைமை என்ன? பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். மனைவி மக்களும் உடனிருக்கின்றனர். முகம் பார்த்துப் பேசக் கைப்பேசி இருக்கின்றது. ஐயாவிற்குக் கிடைக்காத பாக்கியங்கள் எல்லாம் இவர்கட்கு உண்டு. ஆயினும், கடைச் சாவியை எவரிடமும் கொடாமலே மாலையில் வீடு திரும்புகின்றனர். உண்ணும்பொழுதும் ஒரு கண் கைப்பேசியின்மேலே. குழந்தை பேசுகிறது, தகப்பன் "உம்" கொட்டுகிறான். ஐயா மூன்று ஆண்டு வெளியே இருந்து பின் வீட்டிலிருந்தார். இவர்கள் நாள்தோறும் வீட்டிற்கு வந்தும், ஆண்டுக்கணக்கில் வெளியே இருக்கின்றனர். இப்பிரிவிற்குத் தவணையும் இல்லை. அடுத்த பதவி உயர்வு வரையில் என்பர். அது வந்ததும், வீட்டுக் கடன் தீரும்வரையில் என்பர். அது தீர்ந்ததும், பிள்ளை படிப்பு முடியும்வரையில் என்பர். படிப்பு முடிந்ததும் பிள்ளை போய்விடுகிறான்.

இளைஞரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. என் குற்றத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1994-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். யான் வடநாட்டில் ஒரு பாங்குக் கிளைக்கு மேலாளராக இருந்தேன். மார்ச்சு 31-இல் ஆண்டுக் கணக்கு முடியும். அவ்வாண்டு கணக்கு நன்றாக முடிந்தால் எனக்கு உயர்வு நிச்சயம். ஊரில் ஆத்தாவுக்கு உடல்நலமில்லை. மாதத் தொடக்கத்தில் தொலைபேசியில், "ஒரு தடவை வந்துவிட்டுப் போ, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்றார்கள். "கணக்கு முடிந்தவுடன் வருகிறேன், ஆத்தா" என்றேன். "சரி, வேலையைப் பார்" என்றார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஊர் சேர்ந்தேன். ஆத்தா கண் திறந்து என்னைப் பார்த்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், பேச்சு நின்று நான்கு நாளாகியிருந்தது. மேலும் ஒரு வாரம் இருந்து சிவபதம் அடைந்தார்கள். அவர்கள் சொல்ல நினைத்தது ஒரு நகையைப்பற்றியதோ, ஒரு நேர்த்திக்கடனைப்பற்றியதோ, வெறும் அன்புமொழியோ! இன்றுவரையில் அறியேன்.

பாங்கின்மேற் பழி போட எனக்கு மனமில்லை. விடுப்புக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். யான் கேட்கவில்லை. கேட்டால் என் ஊக்கத்தில் ஐயம் கொள்வார்களோ என்று யானே அஞ்சினேன். இதனை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நம்மை வீட்டிலிருந்து பிரிப்பது பலவேளைகளில் மேலதிகாரியின் கட்டளையன்று. நம் அச்சமும் ஆசையும் சேர்ந்து இட்ட கட்டளை. பதவி உயர்வு வந்தது. அவ்வாண்டுக் கணக்கை இன்று நினைவுகூர்வார் உலகில் ஒருவரும் இலர், என்னையும் சேர்த்தே.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஐயாக்கள் அக்கரையில் இருந்த காலத்தில் இக்கரையில் எல்லாம் தாமே நடந்தனவா? ஆச்சிமார்கள் நடத்தினார்கள். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், நோய் பார்த்தார்கள், மாமியாரைக் கரையேற்றினார்கள், நாலு காசு வட்டிக்கும் விட்டார்கள். அவ்வுழைப்பு எந்தப் பேரேட்டிலும் பற்று வரவாகப் பதியப்படவில்லை. இன்று நம் பெண்மக்கள் வைத்தியராகவும் பொறியியல் வல்லாராகவும் விளங்குகின்றனர். அது நமக்குப் பெருமை. ஆனால் உத்தியோகம் இருவர்க்கும், அடுப்பு ஒருத்திக்கு என்று இருப்பது என்ன நியாயம்? பெட்டியடிப் பையனாகச் சென்ற நம் பாட்டன்மார் அக்கரையில் அடுப்பு வேலையும் கற்றவர்களே. மேலாளுக்குச் சோறு வடித்த கை, மனைவிக்கு வடித்தால் தேய்ந்துவிடுமோ? மருமகள் உத்தியோகம் பார்க்கிறாள் என்று சபையிற் பெருமை பேசிவிட்டு, வீட்டில் அவள் காலந்தாழ்த்தி வந்ததற்கு முகம் சுளிக்கும் பெரியோரும் தம்மைத் திருத்திக்கொள்ளவேண்டும்.

இனி, செய்யத்தக்கவை சில கூறி முடிப்பேன்.

முதலாவது, தவணை குறியுங்கள். வெளியூர் உத்தியோகமாயினும், இரவு பகல் உழைக்கவேண்டிய புது வாணிகமாயினும், "இத்தனை ஆண்டு, அதன்பின் கணக்கை முடிப்பேன்" என்று தொடங்கும் நாளிலேயே சொல்லுங்கள். மனைவி அல்லது கணவனோடு கலந்து சொல்லுங்கள். ஒருவர் முடிவுசெய்து மற்றவர்க்கு அறிவிப்பது கலந்து பேசுதலாகாது. தவணையை நீட்ட நேர்ந்தால், மீண்டும் கேட்டு நீட்டுங்கள்.

இரண்டாவது, நாள்தோறும் சாவியை ஒப்புவியுங்கள். ஒரு நாழிகை போதும், இருபத்துநான்கு நிமிஷம். அந்நேரம் கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும். குழந்தை பேசுவதைக் கடைசிவரையில் கேளுங்கள். அது பெரும்பாலும் காரியமற்ற பேச்சாகவே இருக்கும். காரியமற்ற பேச்சைக் கேட்பவனிடமே அது பின்னாளில் காரியத்தையும் சொல்லும்.

மூன்றாவது, ஊரிலிருக்கும் பெற்றோர் "வேலையைப் பார்" என்று சொன்னால், அதனை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது விடைகொடுத்த சொல்லாகும். விருப்பத்தைச் சொன்ன சொல்லாகாது. "ஒன்று சொல்லவேண்டும்" என்று அவர்கள் சொன்னால் அன்றைக்கே புறப்படுங்கள்.

நான்காவது, பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். கல்யாணப் பேச்சிலும் சபையிலும், பையனுக்குச் சம்பளம் என்ன, பதவி என்ன என்று மட்டும் கேட்பதை நாம் நிறுத்தவேண்டும். நாம் எதைக் கேட்கிறோமோ அதையே பிள்ளைகள் தேடுவர். சங்கத்தின் பரிசளிப்பிலும், நோயுற்ற தாய் தகப்பனைப் பேணச் சிறிது காலம் உத்தியோகத்தைத் தள்ளிவைத்த மகனையோ மகளையோ ஆண்டுக்கு ஒருவரேனும் மேடையேற்றிப் பாராட்டுவோமாக.

நம்மவர் எந்நாட்டிலிருந்தாலும் விடாத நோன்பு பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகைக்கு 21-ஆம் நாள், புதுவேட்டியின் இழை 21 எடுத்துத் திரித்து, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவர்க்கும் தம் கையாலேயே கொடுப்பார். சுடரோடு வாங்கி உட்கொள்ளுவோம். அதனைத் தபாலில் அனுப்ப வழியில்லை. கைப்பேசியிற் காட்டலாம், கொடுக்க இயலாது. கொடுப்பவரும் கொள்பவரும் எதிரெதிரே நின்றாகவேண்டும். அன்று தம் முறை வருவதற்காகக் குழந்தைகள் வரிசையில் காத்துநிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஆண்டில் மற்றை நாட்களிலும் அவர்கள் காத்துத்தான் நிற்கின்றனர்.

 நேரம் மிகுந்துவிட்டது. வீட்டிற் காத்திருப்பவர் இருப்பின், காப்பிக்குத் தங்காமல் போய்வர அக்கிராசனர் அவர்கள் அனுமதியளிப்பார்களென்று நம்புகிறேன்.

சுபம்.